மொட்டைத் தலைக்கு ஒரு விளக்கக் கடிதம்

என் அலுவலக மேசையின் கடைசி இழுப்பறையில் ஒரு சின்னக் காகித உறை கிடக்கிறது. அதற்குள் ஒரே பெண்ணின் இரண்டு புகைப்படங்கள். முதல் படத்தில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய கூந்தல், காதுகளுக்குப் பின்னால் ஒதுங்கி, தோளுக்குக் கீழே எங்கேயோ போய் மறைகிறது. இரண்டாவதில் ஒற்றை முடி இல்லை. தலை கவிழ்த்து வைத்த சொம்பு மாதிரி இருக்கிறது. இரண்டு படங்களுக்கும் நடுவில் மூன்று மாதம்கூட ஆகவில்லை. சிரிக்கக் கூடாது, பல் தெரியக் கூடாது, நேராகப் பார்க்க வேண்டும் என்பது விசாப் படத்துக்கான விதி. எங்கள் தொழிற்சாலை அக்காவுக்கு முகத்தை அப்படி வைத்துக்கொள்ளத் தெரியாது. இரண்டிலும் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார். இழுப்பறையில் வேறு எதையாவது தேடும்போது அந்த உறை கையில் தட்டுப்படும். அன்றைக்கு முழுக்க எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக இருக்கும். முதல் எரிச்சல் என் மேல்தான்.

மலேசியாவின் கூலிம் ஹைடெக் பூங்காவில் கணினிச் சில்லுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பயணப் பிரிவு என்று ஒரு மேசை உண்டு. பிரிவு என்றால் நான் மட்டும்தான். வெளிநாட்டுக்கு வேலையாகப் போகிறவர்களுக்கு டிக்கெட், தங்குமிடம், காப்புறுதி எல்லாம் பார்ப்பேன். நம் நாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களால் எனக்குத் தொல்லை இல்லை. பாதி உலகத்துக்கு அவர்களுக்கு விசாவே வேண்டாம். என் உயிரை வாங்குவது இங்கே வந்து தங்கி வேலை செய்யும் வெளிநாட்டுக்காரர்களின் பயணம்தான். இந்தியப் பொறியாளர் ஒருவர் நான்கு நாள் கூட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், நான் நாற்பது தாள் சேர்க்க வேண்டும். அழைப்புக் கடிதம், அனுப்பும் கடிதம், ஆறு மாத வங்கிக் கணக்கு, இங்கே வேலை செய்வதற்கான அனுமதி. அந்த அனுமதி பயணம் முடிந்து இன்னும் மூன்று மாதம் உயிரோடு இருக்க வேண்டும். விசா கிடைக்குமா என்று தெரியாமலே விமான டிக்கெட்டை உறுதி செய்து காட்ட வேண்டும். எல்லாம் கொடுத்த பிறகு, 'உங்கள் சொந்த நாட்டில் போய் விண்ணப்பியுங்கள்' என்று ஒரு மின்னஞ்சல் வரும். கூட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்து விசா வந்து சேர்ந்த கதையும் உண்டு. அந்தப் பொறியாளர் விசாவைச் சட்டம் போட்டு மாட்டப்போவதாகச் சொன்னார்.

இத்தனை அவஸ்தைக்கு நடுவிலும் எனக்கு ஒரு தற்பெருமை இருந்தது: என் விளக்கக் கடிதங்கள். தமிழ்ப் பள்ளியில் கட்டுரைப் போட்டி வைத்தால் முதல் பரிசு எனக்குத்தான். அந்தக் கை சும்மா இருக்காது. ஏன் வேலை மாறினார், ஏன் கணக்கில் பணம் குறைந்தது, ஏன் மனைவி இந்தியாவில் இருக்கிறார் என்று விண்ணப்பத்தில் எங்கே ஓட்டை தெரிந்தாலும் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதி அடைத்துவிடுவேன். எதையும் மறைக்கக் கூடாது, முழுக்கச் சொல்லிவிட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது என் கொள்கை. இரண்டு மூன்று பேருக்கு அது பலித்தும் இருந்தது. அதோடு ஒன்று: விண்ணப்பம் போட்டவருக்கு எல்லாத் தாள்களையும் பிரதி எடுத்து, ஒரு கோப்பில் வரிசையாக வைத்துக் கொடுத்துவிடுவேன். நாளைக்கு யாரும் என்னைக் கேள்வி கேட்கக் கூடாது பாருங்கள்.

அக்கா உற்பத்திப் பகுதியில் லைன் லீடர். மயிரிழையை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் இயந்திரங்கள் அவர் பொறுப்பு. இருபது வருடத்துக்கு மேல் அதே பகுதி. இயந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டே கம்பி எந்த இடத்தில் அறுபடப் போகிறது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். மலாய்க்காரப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நேபாளத்திலிருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் அவர் 'அக்கா'தான். பாதிப் பேருக்கு அவருடைய உண்மைப் பெயரே தெரியாது. அந்தப் பகுதிக்குள் போகும்போது தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பால் மூடிக்கொள்ள வேண்டும். கண் மட்டும்தான் தெரியும். அதனால் அக்காவுக்கு அவ்வளவு நீளமான கூந்தல் இருந்தது என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது.

எங்கள் நாட்டில் அடையாள அட்டை நீலமாக இருந்தால் குடிமக்கள். சிவப்பாக இருந்தால் இங்கேயே இருந்துகொள்ளலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம், செத்தும் போகலாம். ஆனால் இந்த நாட்டுக்காரர் இல்லை. அக்காவின் அட்டை சிவப்பு. சுங்கைப் பட்டாணியிலிருந்து கோத்தா கோலா மூடாவுக்குப் போகும் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்து வீட்டில் பிறந்தவர். பிறப்பைப் பதிய வேண்டிய அப்பா, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுவிட்டு ஒருநாள் போய்ச் சேர்ந்துவிட்டார். பிற்பாடு ஓடி அலைந்து கிடைத்தது சிவப்பு அட்டை. குடியுரிமைக்கு மூன்று முறை மனு போட்டிருக்கிறார். மறுப்பு வந்தாலாவது கோபப்படலாம், பதிலே வரவில்லை. கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், நீல அட்டை. மகள் நீல அட்டை. ஒரே வீட்டில் ஒரே சோற்றுப் பானையில் சாப்பிடும் மூன்று பேரில் ஒருவர் மட்டும் வெளிநாட்டுக்காரர்.

தொழிற்சாலை ஆறு புதிய இயந்திரங்கள் வாங்க முடிவு செய்தது. ஐரோப்பாவில் ஒரு நாட்டில் செய்கிறார்கள்; எந்த நாடு என்பது இங்கே வேண்டாம், அங்கே போய் வந்தவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். இயந்திரங்களைக் கப்பலில் ஏற்றும் முன் ஒருவர் போய் இரண்டு வாரம் தங்கி, ஓட்டிப் பார்த்து, பழகிக்கொண்டு வர வேண்டும். போகிறவருக்குத் திரும்பி வந்ததும் பகுதி மேற்பார்வையாளர் பதவி. இதற்கு முன் நான்கு முறை இப்படி வாய்ப்பு வந்து, நான்கு முறையும் அக்காவுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் போய் வந்து அவருக்கு மேலே உட்கார்ந்தார்கள். கையில் கடப்பிதழ் இருந்தது, அவ்வளவுதான் காரணம். இந்த முறை எங்கள் மேலாளர் பிடிவாதமாக இருந்தார். பினாங்கிலிருந்து தினமும் கார் ஓட்டி வரும் சீனர். அதிகம் பேச மாட்டார். என் மேசைக்கு வந்து, "வேறு யாரை அனுப்பினாலும் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். அக்காதான் போக வேண்டும். நீ செய்து கொடு" என்றார். செய்துவிடலாம் என்று நானும் தலையாட்டினேன். என்னை மாதிரி எழுதுவதற்கு ஆள் ஏது என்ற திமிர்.

சிவப்பு அட்டைக்காரருக்குக் கடப்பிதழ் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு பயணப் புத்தகம் தருவார்கள். பார்க்கக் கடப்பிதழ் மாதிரியே இருக்கும். உள்ளே நாட்டுரிமை என்ற இடத்தில் மட்டும் எந்த நாட்டின் பெயரும் இருக்காது. அந்தப் புத்தகத்தை வாங்க அக்கா பட்ட பாட்டை எழுதினால் அது தனிப் புராணம். முதலில் படம் எடுக்க சுங்கைப் பட்டாணியில் ஒரு கடைக்கு நானும் கூடப் போனேன். காது இரண்டும் தெரிய வேண்டும் என்று கடைக்காரச் சீனக் கிழவர் சொல்ல, அக்கா கொண்டையை அவிழ்த்துவிட்டார். முடி இடுப்பைத் தாண்டி விழுந்தது. கிழவர் கேமராவை விட்டுவிட்டு, "அடேயப்பா!" என்று பொருள்படும் ஒரு சத்தம் போட்டார். நானும் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். பத்துப் படம் எடுத்து, அவற்றில் ஐந்தை விசாவுக்கென்று என் இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு தொடங்கியது ஓட்டம். இங்கே உள்ள ஓர் அலுவலகத்தில், போய்விட்டுத் திரும்பி உள்ளே வருவதற்கும் தனியாக ஒரு முத்திரை வேண்டும் என்றார்கள். அந்த முத்திரை வேண்டுமென்றால் விசாவைக் காட்டு என்றார்கள். விசா விண்ணப்பத்தின் விதியைப் பார்த்தால், திரும்பி வரும் முத்திரையைக் காட்டினால்தான் விண்ணப்பத்தையே தொடுவோம் என்று எழுதியிருக்கிறது. இரண்டு கதவு, ஒன்றின் சாவி மற்றதற்குள் கிடக்கிறது. நான் இரண்டு பக்கமும் தொலைபேசியில் கத்தினேன். இந்தப் பக்கம் 'அது அவர்கள் விதி' என்றார்கள், அந்தப் பக்கம் 'அது உங்கள் நாட்டு விதி' என்றார்கள். அக்கா காலை வேலை முடித்து, வீட்டுக்குப் போகாமல் நேரே அந்த அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்பார். இந்தக் கவுண்டர் இல்லை, மேல் மாடி. மேல் மாடியில் அதிகாரி விடுப்பில். விடுப்பு முடிந்து வந்த அதிகாரிக்கு அம்மாவின் திருமணச் சான்று வேண்டும். செத்துப் பல வருடம் ஆன அம்மாவின் திருமணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. சான்று மாரியம்மனிடம்தான் கேட்க வேண்டும்.

ஒருநாள் இப்படி அலைந்துவிட்டு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். விசாப் படிவத்தில் 'எந்த நாட்டின் குடிமகன்' என்ற கட்டத்தை நான் நிரப்பாமல் வைத்திருந்தேன். "என்னாம்மா, இங்க ஒண்ணும் போடல?" என்றார். படிவத்தை அவர் பக்கம் திருப்பினேன். அவரே புரிந்துகொண்டார். "அம்பது வருசமா இங்கதான் இருக்கேன். மூடா ஆத்துத் தண்ணிதான் குடிக்கிறேன். ஒரு தடவகூட எல்லையத் தாண்டுனது இல்ல. என்னப் போயி எந்த ஊருன்னு கேக்குறானுங்க பாரேன்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் மேலாவது எதையாவது தூக்கி எறிய வேண்டும் போல் இருந்தது.

பத்து வாரம் கழித்து ஒரு புதன்கிழமை பயணப் புத்தகம் வந்தது. ஏதோ ஒரு சன்னலில் இருந்த ஒரு புண்ணியவாட்டி, மேலாளரின் கடிதத்தையே விசாவுக்குப் பதிலாக ஏற்றுக்கொண்டு திரும்பி வரும் முத்திரையையும் குத்திக் கொடுத்திருந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன். உடனே கோலாலம்பூரில் விண்ணப்பங்களை வாங்கும் நிலையத்தில் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேரம் பதிந்தேன். அக்காவுக்கு மின்னஞ்சல் முகவரி இல்லை. அவருடைய கைப்பேசியில் நானே ஒன்றைத் திறந்து, படிவத்தில் அதையும் எழுதினேன். இயந்திரம் செய்யும் நிறுவனம் ஆளை அனுப்பக் கடைசியாகக் கொடுத்திருந்த வாரத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மூன்று வாரத்தில் விசா வந்துவிடும். எல்லாம் கச்சிதம்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டிக்காக சுங்கைப் பட்டாணி ரயில் நிலையத்தில் காத்திருந்தேன். அக்கா தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்தார். காலைப் பனிக்கு என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து துப்பட்டாவை எடுத்தார். மொட்டை. உச்சி முழுக்கச் சந்தனம்.

"அக்கா! என்னாக்கா இது?"

"முடி எறக்கிட்டேம்மா. வெள்ளிக்கெழம, தோட்டத்துக் கோயில்ல. புஸ்தகம் கைக்கு வந்தா முடி குடுக்குறேன்னு ஆத்தாகிட்ட சொல்லிருந்தேன். வந்துருச்சி. அப்புறம் குடுக்காம?"

"விசா வந்ததுக்கு அப்புறம் செஞ்சிருக்கலாம்லக்கா! போட்டோவுல முடியோட இருக்கீங்க, புஸ்தகத்துல முடியோட இருக்கீங்க..."

"நான் விசாவுக்கு வேண்டலியேம்மா. புஸ்தகத்துக்குத்தான் வேண்டுனேன். அதையும் இதையும் சேத்து ஆத்தாவ ஏமாத்தச் சொல்றியா?"

தோட்டம் போய் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அந்தச் சின்னக் கோயில் மட்டும் இரண்டு வரிசை மாடி வீடுகளுக்கு நடுவில் மிச்சம் இருக்கிறது. அதற்குள் இருக்கும் அம்மனுக்கு வெள்ளிக்கிழமையே வேண்டுமா, நாலு வாரம் பொறுக்காதா என்று மனதுக்குள் அந்த அம்மனிடமும் சண்டை போட்டேன். வண்டியில் ஏறியதும் கைப்பேசியில் விதிகளைத் தேடிப் படித்தேன். படம் தற்போதைய தோற்றத்தைக் காட்ட வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அக்கா பையிலிருந்து தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக் பொட்டலம் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். "சாப்புடு லா. முடிதான போச்சு, மூஞ்சி அதே மூஞ்சிதான?" என்றார். கோபத்தில் முழுவதையும் சாப்பிட்டேன்.

நிலையத்தில் கவுண்டரில் இருந்தது முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண். படத்தைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மலாயில் கேட்டாள். அவளுடைய அத்தைக்கும் சிகிச்சையில் இப்படித்தான் முடி போனதாம். அக்கா கலகலவென்று சிரித்து, "இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்கேன், கோயிலுக்குக் குடுத்தது" என்று அவளுக்கு மலாயில் விளக்கினார். அவளுக்குப் புரிந்தது. இந்த ஊரில் வளர்ந்த யாருக்கும் புரியும். தைப்பூசத்தன்று மொட்டைத் தலைகளைப் பார்க்காத மலேசியர் உண்டா? ஆனால் முடிவு எடுப்பது அவள் இல்லை. அந்த நாட்டு அதிகாரி எங்கேயோ உள்ளே உட்கார்ந்து தாளை மட்டும் பார்ப்பார். "கீழே போய்ப் புதுப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். கூடவே ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சின்னதாகப் போதும்" என்றாள். சின்னதாக என்று அவள் சொன்னதை இன்றைக்கும் என் காது கேட்கிறது.

கீழே ஒரு கடையில் சந்தனத்தைத் துடைத்துவிட்டு அக்கா படம் எடுத்துக்கொண்டார். நான் பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். 'சமய வழக்கத்தின்படி தலைமுடியை மழித்துள்ளேன்' என்று ஒரு வரி. அதுதான் தேவை. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டியதில்லை. கட்டுரைப் போட்டிக்காரி ஒரு வரியில் நிறுத்துவாளா? இரண்டு பக்கம் எழுதினேன். அக்காவே சொல்வது போல, நல்ல ஆங்கிலத்தில். சிறு வயதிலிருந்து வளர்த்த கூந்தல் என்று எழுதினேன். பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட இந்த நாட்டை விட்டு வெளியே போக முடியாமல் இருந்தேன், என்னைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் போனார்கள் என்று எழுதினேன். பயணப் புத்தகம் கிடைத்தால் என்னிடம் இருப்பதில் உயர்ந்ததைத் தருவதாக அம்மனிடம் வேண்டிக்கொண்டேன், கிடைத்தது, கொடுத்துவிட்டேன், இந்தப் பயணத்துக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்பதை இதிலிருந்து நீங்கள் அறியலாம் என்று முடித்தேன். எழுதி முடித்தபோது என் கண் கலங்கியிருந்தது. இதைப் படித்து உருகாதவன் மனிதனே இல்லை என்று நினைத்தேன்.

"என்னாம்மா, அவ்ளோ எழுதுற?" என்றார் அக்கா, காப்பியை ஆற்றிக்கொண்டே.

"உங்களப் பத்திதான்க்கா. எல்லாம் நல்லதாத்தான்."

அச்செடுத்துக் கொடுத்தேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். வழக்கம் போல எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து, கோப்பில் அடுக்கி, அவர் கையில் கொடுத்தேன். திரும்பும் வண்டியில் அவர் தூங்கிவிட்டார். எனக்கு அவ்வளவு நிறைவு.

பத்தொன்பதாம் நாள் புத்தகமும் ஒரு தாளும் அலுவலகத்துக்கு வந்தன. தாளில் கட்டங்கள், அதில் ஒன்றுக்கு எதிரே குறி. தாம் வசிக்கும் நாட்டுக்குத் திரும்பிச் செல்லும் எண்ணம் உறுதிப்படவில்லை. கீழே ஒரே ஒரு வரி தட்டச்சு செய்திருந்தார்கள்: விண்ணப்பதாரர், வெளியேறுவதற்கான வழி கிடைக்க வேண்டிச் சமயக் காணிக்கை செலுத்தியதாகத் தம் கடிதத்தில் தாமே கூறுகிறார். நான் அதை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. அந்த அதிகாரியின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாடில்லாத ஒரு பெண். வெளியே போக ஏங்குகிறாள். போவதற்காகக் கூந்தலையே கொடுத்திருக்கிறாள். இவள் திரும்புவாளா? நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அவருக்கு வேறு விதமாகக் கேட்டிருக்கிறது. நேர்ந்துகொண்டு போகிறவர்கள் எவரும் அந்தச் சாமி இருக்கும் இடத்துக்குத் திரும்பி வந்தே தீருவார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதைத்தான் நான் எழுதவில்லை. நமக்குத் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலை வேலை முடிந்து அக்கா வந்தார். தலையில் அரை விரற்கடைக்கு முடி முளைத்திருந்தது. கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "வந்துருச்சாமே?" என்றார். புத்தகத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். தாள் இழுப்பறைக்குள் போய்விட்டிருந்தது. "கெடைக்கலக்கா. பெருசா காரணம் ஒண்ணும் போடல. இவனுங்க எப்பவும் இப்படித்தான்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி விடும்மா. முடி வளரும்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். மறு விண்ணப்பத்துக்கு நாள் இல்லை. அடுத்த வாரம் இரவு வேலைக்கான லைன் லீடர், இருபத்தெட்டு வயதுத் தம்பி ஒருவர், ஒரு பெட்டியும் கடப்பிதழுமாக விமானம் ஏறினார். விசா இல்லை, கடிதம் இல்லை, என் உதவியே தேவைப்படவில்லை. திரும்பி வந்து எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தார். அடுத்த மாதம் மேற்பார்வையாளர் ஆனார். நல்ல பிள்ளைதான். அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழி இல்லாமல் போயிற்று.

இதில் என்னை இன்னும் கடுப்பேற்றிய ஒன்று உண்டு. இயந்திரங்கள் வந்து இறங்கின. ஓட்டினால் கம்பி அறுந்துகொண்டே இருந்தது. அந்தத் தம்பிக்குப் பிடிபடவில்லை. கடைசியில் அந்த நாட்டிலிருந்தே ஒரு தொழில்நுட்பர் வந்தார். பினாங்கு விமான நிலையத்தில் அவருக்கு முத்திரை குத்த ஒரு நிமிடம் ஆகியிருக்கும். தலைமுடி யாரும் கேட்கவில்லை. அவரும் அக்காவும் மூன்று நாள் இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். கண்டுபிடித்தது அக்கா, நம் ஊர் ஈரக்காற்றுக்கு வேகத்தை மாற்ற வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டில் அந்த மனிதர் என்னிடம், இவர்தான் வருவார் என்று எங்கள் இடத்தில் எதிர்பார்த்திருந்தோமே, ஏன் வரவில்லை என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே, "முடி வளரட்டும்னு இருந்துட்டேன்னு சொல்லு" என்றார். வேலை அதிகமாக இருந்தது என்று நான் அவரிடம் சொன்னேன். அன்றைக்கும் ஒரு பொய்.

மூன்று வருடம் போய்விட்டது. அந்தத் தம்பி சம்பளம் கூட என்று பினாங்குப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டார். பகுதி மேற்பார்வையாளர் நாற்காலி மறுபடி காலி. இன்னும் நான்கு இயந்திரங்கள் வாங்குகிறார்கள். மேலாளர் மறுபடி என் மேசைக்கு வந்து, மறுபடி ஒரே பெயரைச் சொன்னார். இந்த முறை நான் தலையாட்டவில்லை. அக்கா பயணப் புத்தகத்தைப் புதுப்பிக்க அதே சன்னல்களில் போய் நின்றார். அதே மேல் மாடி, அதே 'அம்மாவின் திருமணச் சான்று'. போன முறை கொடுத்த தாள்கள் எல்லாம் அங்கே எங்கே போயின என்று கேட்கக் கூடாது போலும். இருந்தாலும் புத்தகம் வந்தது.

போன வாரம் வேலை முடித்து என் மேசைக்கு வந்தார். முடி தோளுக்குக் கீழே இறங்கியிருக்கிறது; பாதி நரை. ஒரு காகித உறையை மேசை மேல் வைத்தார். அதே கடை.

"போட்டோ. புதுசு. பாத்துக்க, முடி இருக்கு" என்றார். "இந்தத் தடவ நான் ஆத்தாகிட்ட ஒண்ணும் வேண்டிக்கலம்மா."

"சரிக்கா" என்றேன்.

கதவு வரை போனவர் திரும்பினார். வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் அதே சிரிப்பு.

"நீயும் அவங்களுக்கு ஒண்ணும் எழுதாத லா."

கதவு சாத்திக்கொண்டது. அவர் கைப்பேசியில் மின்னஞ்சலைத் திறந்து கொடுத்ததே நான்தான். படிவத்தில் எழுதியதும் நான்தான். அந்தத் தாள் மின்னஞ்சலில் அவருக்கும் போயிருக்கிறது. இருபது வருடம் இயந்திரக் கையேடுகளை ஆங்கிலத்தில் படித்தவருக்கு, பேச வராவிட்டாலும், அந்த ஒரு வரியைப் படிக்க யாருடைய துணையும் வேண்டாம். என் கடிதத்தின் பிரதியை நானே கோப்பில் வைத்துக் கையில் கொடுத்திருக்கிறேன். அன்று மாலை எனக்கு எதிரே உட்கார்ந்து 'வந்துருச்சாமே' என்று கேட்டபோதே எல்லாம் தெரிந்துதான் கேட்டார். நான் பொய் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடி வளரும் என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூன்று வருடமாக ஒரு முகச்சுளிப்பு இல்லை.

இன்று காலை படிவத்தை நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில், விண்ணப்பதாரர் கூடுதலாகத் தெரிவிக்க விரும்புவது என்று ஒரு பெரிய கட்டம் இருக்கிறது. போன முறை 'இணைப்பைக் காண்க' என்று எழுதி இரண்டு பக்கத்தைச் செருகிய கட்டம். கை பரபரத்தது. எழுத எவ்வளவோ இருக்கிறது. கோடு ஒன்று இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். பிறகு இழுப்பறையைத் திறந்து, பழைய உறையிலிருந்த இரண்டு படங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளேயே வைத்தேன். நரைத்த முடியோடு வாயை மூடிச் சிரிக்கும் மூன்றாவது படத்தைப் படிவத்தில் ஒட்டினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை வண்டி. நாசி லெமாக் நான் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.